கன்ஜி படிக்க எந்தப் புத்தகம் வாங்குவது?

ஆகஸ்ட் 3, 2025 | தண்டையார்பேட்டை

டிசம்பர் 7 அன்று ஜேஎல்பிடி என்னும் ஜப்பானிய மொழித் தேர்வில் என்4 நிலை (என்5 அடி, என்1 உச்சி) எழுதுகிறேன். வகுப்பில் மின்னா நோ நிஹோங்கோ பாடநூல் ஓடுகிறது. அதில் ஒவ்வொரு கன்ஜிக்கும் (சீனத்திலிருந்து வந்த எழுத்து) தலைமேல் உச்சரிப்பைக் காட்டும் சின்ன ஹிரகனா (ஒலியெழுத்து) இருப்பதால் கண் அங்கேயே போய்விடுகிறது, கீழே இருக்கும் எழுத்து மனசில் நிற்பதில்லை. நூறு எழுத்து வரை தெரியும். என்4-க்கு 300 வேண்டும் என்கிறார்கள். நாலு பேர் நாலு புத்தகம் சொல்கிறார்கள்: மின்னாவுக்கென்றே வரும் தனிக் கன்ஜி புத்தகம், பேசிக் கன்ஜி புக், கன்ஜி லுக் அண்ட் லேர்ன், ஹைசிக். எனக்குத் தோன்றுவது: ஹைசிக்கில் 2,200 எழுத்து இருக்கிறது. ஒரே தடவையாக அதை வாங்கிப் போட்டால் என்1 வரைக்கும் கவலை விட்டது. தப்பா?

ஆகஸ்ட் 3, இரவு | எண்ணூர்

ஆடி ஞாயித்துக்கிழம, தலைப்புல கஞ்சின்னு இருந்துச்சு. எந்த அம்மன் கோயில்ல ஊத்துறாங்கன்னு பாக்க வந்தேன்.

ஆகஸ்ட் 4 | பெரம்பூர்

தப்புதான். ஹைசிக்கின் முதல் தொகுதியில் ஒலியே கிடையாது. ஒரு எழுத்துக்கு ஒரு ஆங்கிலச் சொல், அதை நினைவில் வைக்க ஒரு கதை, அவ்வளவு. என்4 தேர்வின் முதல் பகுதி கேட்பதோ, இந்தச் சொல்லை எப்படி வாசிப்பாய் என்று. அடுத்த பகுதி, ஹிரகனாவில் இருக்கும் இந்தச் சொல்லுக்குச் சரியான கன்ஜி எது என்று. இரண்டுமே நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. கையால் எழுதும் கேள்வி ஜேஎல்பிடியில் எந்த நிலையிலும் இல்லை.

இன்னொரு சிக்கல் வரிசை. ஹைசிக் எழுத்தின் உறுப்புகளை, அதாவது அது கட்டப்பட்ட துண்டுகளை, வைத்து அடுக்குகிறது, தேர்வு நிலையை வைத்து அல்ல. உங்களுக்கு வேண்டிய 300-ம் அந்த 2,200-க்குள் சிதறிக் கிடக்கும். பாதிப் புத்தகத்தில் நின்றால் என்4-ம் இல்லை, என்5-ம் இல்லை.

300 என்பதைப் பற்றியும் ஒன்று. 2010-இல் தேர்வை ஐந்து நிலையாக மாற்றியதிலிருந்து எந்த நிலைக்கும் அதிகாரபூர்வ எழுத்துப் பட்டியல் கிடையாது. இப்போது சுற்றும் 100, 300 எல்லாம் அதற்கு முந்தைய நாலு நிலைத் தேர்வின் வரையறையிலிருந்து வந்தவை. குத்துமதிப்புக்கு உதவும். "என்4 முழுப் பட்டியல், இதற்கு வெளியே வராது" என்று அட்டையில் போட்டிருந்தால் நம்பாதீர்கள்.

ஆகஸ்ட் 4, இரவு | ராயபுரம்

ஹைசிக்கை இப்படி ஒரேயடியாகக் கழித்துக் கட்டாதீங்க வாத்தியாரே. உறுப்பு பிரித்துப் பார்க்கத் தெரியாதவன் என்4-இல் எங்கே விழுவான் தெரியுமா? "காத்திரு", "பிடி", "நேரம்", "சிறப்பு" என்று பொருள் தரும் நாலு கன்ஜிக்கும் வலப்பக்கம் ஒரே "கோயில்" உறுப்பு. இடப்பக்கம்தான் வேறு: இரட்டை மனிதக் கோடு, கை, சூரியன், மாடு. நாலு விடையிலும் இந்த மாதிரி ஒட்டிப் பிறந்ததைத்தான் வைப்பார்கள். மொத்த உருவமாக மனப்பாடம் செய்தவனுக்கு நாலும் ஒன்றுதான்.

ஆகஸ்ட் 6 | பெரம்பூர்

உறுப்பு பற்றி ராயபுரம் சொன்னது சரி. முந்தைய குறிப்பில் அதை நான் தொடவே இல்லை. ஆனால் அதே நாலு எழுத்து அந்த முறையின் ஓட்டையையும் காட்டுகிறது. வலப்பக்க உறுப்பு சும்மா அலங்காரம் இல்லை, பல எழுத்துகளில் அது ஒலிக்கான குறி. "நீலம்" எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தூய்மை, தெளிந்த வானம், வேண்டுகோள், அமைதி எல்லாவற்றிலும் அது உறுப்பாக இருக்கிறது. எல்லாவற்றுக்கும் சீன வழி ஒலி, அதாவது எழுத்தோடு சீனத்திலிருந்தே வந்த உச்சரிப்பு, "ஸே". ஒன்றைத் தெரிந்தால் ஐந்துக்கு ஊகிக்கலாம். ஒலியே இல்லாத புத்தகத்தில் இந்த லாபம் கிடைக்காது.

ஊகம் எப்போதும் பலிக்காது. கோயில் உறுப்பின் ஒலி "ஜி". நேரம், பிடி இரண்டும் "ஜி"தான். காத்திரு "தை". சிறப்பு "தொகு". இரண்டு பழம், இரண்டு காய்.

எழுத்துகளை இங்கே தமிழ்ப் பொருளாலேயே குறிக்கிறேன். போன தடவை ஒட்டிய கன்ஜி பாதிப் பேருக்குக் கட்டம் கட்டமாகத் தெரிந்ததாம்.

ஆகஸ்ட் 10 | பெரம்பூர்

நாலையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மின்னாவின் தனிக் கன்ஜி புத்தகம், முதல் பாகத்தில் 220 எழுத்து. சொற்கள் நீங்கள் வகுப்பில் படிக்கும் பாடத்திலிருந்தே வரும். இதுதான் இதன் பலம்: புது எழுத்தைப் படிக்கும்போது கூடவே புதுச் சொல்லையும் சுமக்க வேண்டாம். வாய்க்கு ஏற்கெனவே பழகிய சொல்லுக்கு உருவம் மட்டும் சேர்க்கிறீர்கள். என்4-க்கு இரண்டாம் பாகமும் வேண்டும். மின்னா படிக்காதவருக்கு இந்தப் புத்தகத்தால் அவ்வளவு பயன் இல்லை.

பேசிக் கன்ஜி புக் இரண்டு பாகம், 45 பாடம், 500 எழுத்து. எழுத்து எப்படிப் பிறந்தது, உறுப்பு எது, வாசிப்புப் பயிற்சி, எழுத்துப் பயிற்சி, கடைசியில் ஒரு சின்னப் பத்தி. ராயபுரம் கேட்கும் உறுப்பும் இதில் உண்டு, நான் கேட்கும் ஒலியும் உண்டு. பக்கம் கறுப்பு வெள்ளை, பார்க்கச் சப்பென்று இருக்கும். பாடத்தை நடுவிலிருந்து எடுத்தால் வேலை செய்யாது, வரிசையாகத்தான் போகணும்.

கன்ஜி லுக் அண்ட் லேர்ன், 512 எழுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். பாடத்துக்கு 16. படம் முதல் வாரம் அள்ளிக்கொண்டு போகும். "மரம்", "மலை" போன்றவற்றுக்கு அது பொருந்தும். கருத்துச் சொற்களுக்குப் படம் இழுத்துக் கட்டிய கதை. பயிற்சிப் புத்தகம் தனி. அதை வாங்காமல் இதை மட்டும் வாங்குவது பாதிப் பணத்தை வீணாக்குவது.

ஹைசிக் பற்றிச் சொல்லியாயிற்று.

வகுப்பு மின்னா என்றால் மின்னா கன்ஜி. தனியாகப் படிப்பவருக்கு பேசிக் கன்ஜி புக். இரண்டையும் சேர்த்து வாங்க வேண்டாம். வரிசை வேறு வேறு, ஒரே எழுத்தைக் கணக்கு வைக்கவே பாதி நேரம் போகும்.

ஆகஸ்ட் 10, இரவு | தண்டையார்பேட்டை

தெரிந்தவரிடம் இருக்கும் நகலை செராக்ஸ் போட்டுக்கலாமா? விலை கேட்டால் தலை சுத்துது.

ஆகஸ்ட் 11 | ராயபுரம்

உரிமைப் பிரச்சினை ஒரு பக்கம். அதை விடுங்கள், படிக்கவே உதவாது. ஹிரகனாவில் "ஹ" எழுத்தின் மூலையில் இரண்டு சின்னக் கோடு போட்டால் ஒலிப்புள்ள ப (ba), சின்ன வட்டம் போட்டால் வல்லினப் ப (pa). கன்ஜியின் தலைமேல் இருக்கும் எழுத்து கொசு அளவு. செராக்ஸுக்கு செராக்ஸ் எடுத்தால் கோடும் வட்டமும் ஒரே கறுப்புப் புள்ளி. பன்னிரண்டு கோடு உள்ள எழுத்தில் நடுவில் இரண்டு கோடு ஒட்டிக்கொள்ளும். தப்பைத் தப்பாகவே மனப்பாடம் செய்வீர்கள்.

காசில்லாமல் வேண்டுமென்றால் ஜப்பான் ஃபவுண்டேஷனின் "இரோதொரி" இணையத்தில் இலவசம். ஒவ்வொரு பாடத்தின் பின்னாலும் கன்ஜிச் சொற்கள் பகுதி உண்டு. அந்தப் பக்கங்களை மட்டும் லேசர் பிரின்ட் எடுங்கள், மூலக் கோப்பிலிருந்து. புள்ளி புள்ளியாகத் தெளிவாக வரும்.

ஆகஸ்ட் 17 | எண்ணூர்

வெளையாட்டு போதும், ஒரு விஷயம் சொல்லிட்றேன். இத யாரும் சொல்ல மாட்றாங்க.

நம்ம ஊர் ஆண்ட்ராய்டு போன்ல மொழி ஆங்கிலமோ தமிழோதான் இருக்கும். கன்ஜி எழுத்துகளுக்கும் சீன எழுத்துகளுக்கும் யூனிகோடுல பல இடத்துல ஒரே எண்தான். ஜப்பானியம்னு போனுக்குச் சொல்லலேன்னா அது பாட்டுக்கு சீன வடிவத்தக் காட்டும். "இப்போது"ங்கிற எழுத்துல கூரைக்குக் கீழ ஜப்பான்ல ஒரு சின்னப் படுக்கைக் கோடு, சீன வடிவத்துல புள்ளி. "சரிசெய்"ங்கிறதுல ஜப்பான் வடிவத்துக்கு இடப்பக்கம் கீழ ஒரு மூலைக் கோடு வளையும், சீனத்துல அது இல்ல. "எலும்பு"ல உள்ளாற இருக்குற சின்ன மூலை பக்கம் மாறி நிக்கும்.

சரிபண்ற வழி: செட்டிங்ஸ் போயி மொழிகள் பட்டியல்ல ஜப்பானியத்த ரெண்டாவதா சேருங்க. முதல் மொழிய மாத்த வேணாம், போன் முழுக்க ஜப்பானியத்துல போயிடும், திரும்பி வர வழி தெரியாது. ஆங்கின்னு மனப்பாட அட்டை செயலி இருக்குல்ல, அதுல அட்டையோட வார்ப்புல (டெம்ப்ளேட்) ஜப்பானியம்னு மொழிக் குறி, அதாவது லாங் ஈக்வல்டு ஜேஏ, போட்டுடுங்க. சேத்தப்புறம் "இப்போது"வ பாருங்க. புள்ளி போயி கோடு வந்துச்சா, வேல முடிஞ்சுது.

ஆகஸ்ட் 18 | பெரம்பூர்

எண்ணூர் சொன்னது அருமை. அச்சிலும் இதற்கு ஒரு தம்பி உண்டு. கையெழுத்து மாதிரிக்குப் புத்தகம் வாங்கினால் எழுத்துரு "கியோகஷோ", அதாவது பாடநூல் வகையா என்று பாருங்கள். செய்தித்தாள் வகை "மின்சோ" எழுத்துருவைப் பார்த்து எழுதக் கூடாது. சோதனை சுலபம்: ஹிரகனா "கி"யின் கீழ் வளைவு மேலே ஒட்டியிருந்தால் அச்சு வடிவம், விட்டிருந்தால் கையெழுத்து வடிவம். "பாதை", "அருகே", "வாரம்" மூன்றிலும் இடப்பக்கம் ஓடும் நடைக்கோடு அச்சில் நிமிர்ந்து இறங்கும், கையில் நெளிந்து இறங்கும். விண்டோஸ் 10-இல் யூடி டிஜிட்டல் கியோகஷோ எழுத்துரு கிடைக்கிறது. பயிற்சித் தாள் தயாரிக்க அதுவே போதும்.

ஆகஸ்ட் 24 | தண்டையார்பேட்டை

மின்னா கன்ஜி இரண்டு பாகமும் வாங்கியாச்சு. அட்டையில் உச்சரிப்பைத் தமிழில் எழுதிக்கொண்டால் வேகமாகப் போகிறது. பரவாயில்லையா?

ஆகஸ்ட் 24, இரவு | பெரம்பூர்

வேண்டவே வேண்டாம். நம் எழுத்தில் வல்லினம் ஒன்றுதான், த-வும் ஒலிப்புள்ள த-வும் இடத்தைப் பொறுத்து நாமே மாற்றிப் படித்துக்கொள்வோம். ஜப்பானியத்தில் அது சொல்லையே மாற்றும். "தைககு" என்று எழுதினால் பல்கலைக்கழகமா, படிப்பை விட்டு விலகுவதா? முதல் ஒலி மட்டும்தான் வித்தியாசம், தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. வாசிப்புக் கேள்வியின் நாலு விடையும் இந்த மாதிரிதான் இருக்கும்: ஒன்றில் இரண்டு கோடு இருக்கும், ஒன்றில் இருக்காது, ஒன்றில் நெடில், ஒன்றில் இரட்டிப்பு.

நெடிலிலும் இரட்டிப்பிலும் நமக்குப் பிறவி லாபம். ஒபாசன் என்றால் அத்தை, ஒபாஆசன் என்றால் பாட்டி. மற்றவர்கள் திணறுவார்கள், குறில் நெடில் கேட்டு வளர்ந்த காதுக்கு அது தானாக விழும்.

ஒலியை ஹிரகனாவில் எழுதுங்கள். பொருளைத் தமிழில் எழுதுங்கள், ஆங்கிலத்தில் அல்ல.

ஆகஸ்ட் 25 | பெரம்பூர்

மேலே அவசரத்தில் பாட்டியைத் தமிழில் எழுதி நானே என் விதியை மீறிவிட்டேன். "ஒபாசன்" என்பதில் முதல் பா நெடிலாகத் தெரிகிறது. அது குறில். பாட்டியில்தான் நெடில். தமிழில் எழுதாதீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ஆகஸ்ட் 25 | எண்ணூர்

அத்தையப் பாட்டியாக்கிட்டியே ணா. வூட்டுக்குப் போனா சோறு கெடைக்காது.

ஆகஸ்ட் 31 | தண்டையார்பேட்டை

"பிறப்பு" எழுத்துக்கு மட்டும் புத்தகத்தில் ஏழெட்டு ஒலி இருக்கிறது. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தால்தான் அடுத்ததற்குப் போகணுமா?

ஆகஸ்ட் 31, இரவு | பெரம்பூர்

ஒலிப் பட்டியலை மனப்பாடம் செய்வதுதான் பலர் நின்றுபோகும் இடம். இப்படிப் பாருங்கள். தண்ணீர் குழாய் ஒன்றைப் படமாக வரைந்து அதற்கு எழுத்து என்று பேர் வைத்தோம் என்று வையுங்கள். தனியாக நின்றால் அதை "நீர்" என்று வாசிப்போம். "தோஷம்" என்ற படத்துக்கு முன்னால் நின்றால் "ஜல" என்று வாசித்து ஜலதோஷம் என்போம். படம் ஒன்று, வீட்டுச் சொல் ஒன்று, வடமொழியிலிருந்து வந்த சொல் ஒன்று. கன்ஜியிலும் அதே கதை: தனியாக நிற்கும்போது பெரும்பாலும் "குன்" என்னும் ஜப்பானிய ஒலி, இன்னொரு கன்ஜியோடு ஒட்டும்போது பெரும்பாலும் "ஒன்" என்னும் சீன வழி ஒலி. "நீர்தோஷம்" என்று எந்தத் தமிழனும் சொல்வதில்லை. விதி படித்தா அதைத் தெரிந்துகொண்டோம்? ஜலதோஷம் என்ற சொல் முழுசாகத் தெரியும், அவ்வளவுதான்.

அதனால் பிறப்பு எழுத்துக்கு ஒலி படிக்காதீர்கள். மாணவர், ஆசிரியர், பிறந்தநாள், பிறத்தல் என்ற நாலு சொல்லைப் படியுங்கள். மீதி ஒலி அந்தச் சொல் வரும்போது வரட்டும்.

"ஞாயிற்றுக்கிழமை"யைப் பாருங்கள். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒரே "நாள்" எழுத்துதான். முதலில் "நிச்சி", கடைசியில் "பி". எந்தப் பட்டியலும் இதைக் காப்பாற்றாது. இன்று, நாளை, நேற்று, ஒருவர், இருவர் என்பவை இன்னும் மோசம். எழுத்துவாரியாகப் பிரிக்கவே முடியாது. இவற்றைத் தனிச் சொல்லாகக் கொடுக்கிறதா என்பதுதான் புத்தகத்தைப் புரட்டும்போது நான் முதலில் பார்ப்பது.

செப்டம்பர் 7 | ராயபுரம்

கணக்கு போட்டுத் தரேன். இன்றிலிருந்து தேர்வுக்குச் சரியாக 13 வாரம். மீதி 200 எழுத்து. நாளைக்கு 4, வாரத்துக்கு ஐந்து நாள், 10 வாரத்தில் முடியும். நவம்பர் நடுவிலிருந்து புது எழுத்து கிடையாது.

ஆங்கி செயலியில் எழுத்துக்கு இரண்டு சொல் அட்டை என்றால் நாளைக்கு 8 புது அட்டை. செயலி தானாக 20 என்று வைத்திருக்கும், முதல் வேலையாக அதை 8 ஆக்குங்கள். திருப்புதல் புது அட்டையைப் போல ஏழெட்டு மடங்கு குவியும். 8 என்றால் அறுபது சொச்சம், தாங்கலாம். 20-இல் விட்டால் மூன்றாம் வாரம் 150 அட்டை நிற்கும், ஒரு நாள் விட்டால் 300. அப்புறம் செயலியையே திறக்க மாட்டீர்கள்.

அட்டையின் முன்பக்கம் கன்ஜியில் சொல், முடிந்தால் ஒரு குட்டி வாக்கியம். பின்பக்கம் ஹிரகனா, தமிழ்ப் பொருள். முன்பக்கத்தில் ஹிரகனா ஒட்டாதீர்கள். வானிகானி என்ற கன்ஜி இணையதளம் எப்படி என்று கேட்பீர்கள்: முதல் மூன்று நிலை இலவசம், முறை நல்ல முறை, ஆனால் அதற்கென்று ஒரு வரிசை, உங்கள் டிசம்பர் அதற்குத் தெரியாது.

செப்டம்பர் 7 | எண்ணூர்

கொருக்குப்பேட்ட கேட்டு மூடினா இருபது அட்ட. ரெண்டு கூட்ஸ் போனா அறுபது. கணக்கு சரியா வருது.

செப்டம்பர் 14 | பெரம்பூர்

எழுதிப் பழகணுமா என்ற பழைய சண்டை. தேர்வுக்கு வேண்டாம் என்று நானே சொன்னேன். இப்போது கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன்: குழப்பும் எழுத்துகளை மட்டும் எழுதுங்கள். "மண்" எழுத்துக்குக் கீழ்க்கோடு நீளம், அதன் இரட்டைக்கு மேல்கோடு நீளம். கண் இதை விட்டுவிடும், கை விடாது. ஆங்கியில் ஓர் அட்டை 8 முறை தவறினால் "லீச்", அதாவது ரத்தம் உறிஞ்சும் அட்டை, என்று குறி போடும். அட்டைக்கு அட்டை என்றே பெயர், நான் வைத்ததல்ல. அப்படிக் குறி விழுந்தவற்றை மட்டும் நோட்டில் ஜோடி ஜோடியாகப் பத்து முறை.

நோட்டு: பாரிமுனை ஆண்டர்சன் தெரு, இல்லை தெருமுனைக் கடை, கணக்குக் கட்ட நோட்டு போதும். சின்னக் கட்டத்தில் ஒரு எழுத்தைத் திணிக்காதீர்கள். நாலு கட்டத்தை ஒரு எழுத்துக்கு எடுத்தால் நடுவில் தானாக ஒரு சிலுவைக் கோடு கிடைக்கும். ஜப்பானியப் பயிற்சித் தாளிலும் அதே சிலுவைதான் புள்ளிக்கோடாக இருக்கும். உறுப்பு எந்தக் காலில் நிற்கிறது என்று அது காட்டும். "வாய்" எழுத்துக்கு 3 கோடு, 4 இல்லை. மேல்கோடும் வலக்கோடும் ஒரே வீச்சு. "வலம்" சாய்கோட்டில் தொடங்கும், "இடம்" படுக்கைக் கோட்டில் தொடங்கும்.

செப்டம்பர் 21 | தண்டையார்பேட்டை

மூர் மார்க்கெட்டில் பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்று, "3 க்யூ" என்று போட்டிருக்கிறது. என்3-க்கா? பக்கத்தில் ஜப்பான் பள்ளிக் குழந்தைகளின் முதல் வகுப்புப் பயிற்சி ஏடும் கிடந்தது.

செப்டம்பர் 21, இரவு | ராயபுரம்

3 க்யூ என்றால் 2010-க்கு முந்தைய நாலு நிலையில் மூன்றாவது. இன்றைய என்4-க்குச் சமம். என்3 அப்போது இல்லவே இல்லை. கன்ஜிப் பகுதிக்குத் தாராளமாகப் பயன்படும், மலிவாக இருந்தால் எடுங்கள். முன்னால் யாராவது பென்சிலில் விடை குறித்திருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள்.

குழந்தை ஏடு வேண்டாம். பள்ளியில் ஆறு வகுப்புக்கு 1,026 எழுத்து, முதல் வகுப்புக்கு 80. அந்த எண்பதில் பூச்சி, சிப்பி, மூங்கில் எல்லாம் உண்டு. "சாப்பிடு" இரண்டாம் வகுப்பு, "குடி"யும் "ரயில் நிலையம்"மும் மூன்றாம் வகுப்பு. ஏழு வயசுப் பிள்ளைக்குச் சொல் ஏற்கெனவே தெரியும், அதனால் அந்த வரிசை. உங்களுக்கு ரயில் நிலையம்தான் முதலில் வேண்டும்.

அக்டோபர் 12 | எண்ணூர்

எங்க பக்கத்துப் பசங்க ரெண்டு பேரு தொகுதே கினோ விசாவுக்குப் போறாங்க. அவங்களுக்கும் இதே புத்தகமா?

அக்டோபர் 12 | பெரம்பூர்

அந்த விசா, ஜப்பானில் குறிப்பிட்ட தொழில்திறன் வேலைக்கானது, 2019 ஏப்ரலில் வந்தது. அதற்கு என்4, அல்லது ஜேஎஃப்டி பேசிக். இரண்டாவதாகச் சொன்னது கணினியில் எழுதும் மொழித் தேர்வு, 250-க்கு 200 எடுக்கணும். அதற்கு மட்டும் போகிறவர் ராயபுரம் சொன்ன இரோதொரியையே முதல் புத்தகமாக வைக்கலாம். கடைப் பலகை, குப்பை போடும் நாள் அறிவிப்பு, மருந்து உறை மாதிரியான சொற்கள்.

என்4-இல் 180-க்கு 90. ஆனால் எழுத்து, சொல், இலக்கணம், வாசிப்பு சேர்ந்த 120-இல் 38-ம், கேட்டலில் 60-க்கு 19-ம் தனித்தனியாக வேண்டும். கன்ஜியிலேயே மூழ்கிக் கேட்டலில் 18 வாங்கினால் மொத்தம் எவ்வளவு வந்தாலும் தேர்ச்சி இல்லை.

நவம்பர் 9 | தண்டையார்பேட்டை

170 ஆச்சு. மீதி 30-ஐ ஒரே வாரத்தில் முடிக்கட்டுமா? இன்னொன்று: மின்னாவைத் திறந்தால் இப்போதும் கண் மேலே இருக்கும் ஹிரகனாவுக்குத்தான் போகிறது.

நவம்பர் 9, இரவு | பெரம்பூர்

முப்பதை இரண்டு வாரத்துக்குப் பரப்புங்கள், நாளைக்கு 3. அதற்கு மேல் புதிது வேண்டாம்.

கண்ணுக்கு: பழைய கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டையில் ஒரு பட்டை வெட்டுங்கள். அகலம் ஹிரகனா வரியின் உயரம் மட்டும், நீளம் பக்கத்தின் அகலம். வரியின் தலைமேல் வைத்து வாசியுங்கள், தடுக்கினால் மட்டும் பட்டையைத் தூக்குங்கள். ஸ்கேல் வேண்டாம். ஒளி ஊடுருவும் ஸ்கேலில் எல்லாம் தெரியும், இரும்பு ஸ்கேல் அகலம் அதிகம், மேல் வரியையும் சேர்த்து மூடிவிடும். தூக்கிப் பார்த்த சொல்லுக்கு ஓரத்தில் ஒரு பென்சில் புள்ளி. மூன்று புள்ளி வாங்கிய சொல் அன்றைக்கு அட்டைக்குப் போகணும்.

நவம்பர் 10 | எண்ணூர்

மொய் எழுதாம வந்த பத்திரிகையா இருந்தாலும் பரவால்லியா?